ரான் அல்ல, ரினோ

போடியில் பகுதிநேரச் செய்தியாளராக இருப்பவருக்கு ஆண்டு முழுவதும் சுற்றிச் சுற்றி அதே செய்திகள்தான். ஏலக்காய் விலை ஏறும், இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் போடிமெட்டுச் சாலையில் பாறை உருளும், வண்டிகள் இரண்டு பக்கமும் நிற்கும். கேரளத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மலையேறும் ஜீப் கவிழும். கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் வந்தால் ஒரு படம், வராவிட்டால் ஒரு படம். நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் செய்தியைக் கவரில் போட்டு மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். பிறகு ஃபேக்ஸ், பிறகு மெயில். சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. அச்சில் வந்ததை ஸ்கேல் வைத்து அளந்து, சென்டிமீட்டர் கணக்கில் காசு.

காசு குறைச்சலாக இருந்தாலும் இந்த ஊர் ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்லிக்கொடுத்துவிடும். ஏலக்காயின் அளவில் ஏழு எம்.எம்.மை எட்டு எம்.எம். என்று எழுதிவிட்டால் மறுநாள் கடைவீதியில் நடக்க முடியாது. கமிஷன் கடைக்காரர் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பாடம் நடத்துவார். பண்டத்தின் பெயர் மாறினால் விலை மாறிவிடும் என்பது இங்கே பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட ஊரில்தான் பெயர் மாறிப்போன ஒரு பண்டத்தை வைத்துக்கொண்டு பத்து வருடத்துக்கு மேல் சண்டை நடந்தது.

இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தை முதலில் நீலகிரியில், மசினகுடிக்குப் பக்கத்துச் சிங்காராவில் அமைப்பதாக இருந்தது. முதுமலை புலிகள் காப்பகமும் யானை வழித்தடமும் அருகில் இருப்பதால் 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்த இடத்துக்கு ஒப்புதல் தர மறுத்துவிட்டது. பார்வை தேனி மாவட்டத்துக்குத் திரும்பியது. சுருளியாறு பேசப்பட்டுக் கைவிடப்பட்டது. கடைசியில் தேவாரத்துக்குப் பக்கத்தில், பொட்டிபுரம் ஊராட்சியில் நிற்கும் மலை முடிவானது. வரைபடத்தில் அது போடி மேற்கு மலை. ஊர்க்காரர்களுக்கு அது அம்பரப்பர் மலை, சாமி இருக்கிற இடம், மாடு மேய்கிற இடம். 1,589 மீட்டர் உயரம், சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை. அதன் அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்குச் சுரங்கப் பாதை குடைந்து, உள்ளே 132 மீட்டர் நீளத்தில் ஒரு குகை அமைத்து, அதில் ஐம்பதாயிரம் டன் இரும்பை வைப்பது என்று திட்டம்.

செய்தி எங்கள் பக்கம் வந்து சேர்ந்த வாரத்திலேயே டீக்கடையில் அது நியூட்ரான் ஆகிவிட்டது. ‘நியூட்ரான் ஆலை வருதாம்’ என்றார் ஒருவர். ‘ஆலை இல்லப்பா, குண்டு’ என்றார் இன்னொருவர்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நியூட்ரான் எல்லோருக்கும் பழகின சொல். எட்டாம் வகுப்போடு நின்றவரும் புரோட்டான், எலக்ட்ரான், நியூட்ரான் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார். என் வயதுக்காரர்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1981இல் அமெரிக்க அதிபர் ரீகன் நியூட்ரான் குண்டு தயாரிக்க உத்தரவிட்டபோது, கட்டடத்தை விட்டுவிட்டு மனிதரை மட்டும் கொல்லும் குண்டு என்று அதைப் பற்றி வாயைப் பிளந்துகொண்டு படித்தவர்கள் நாங்கள். நியூட்ரினோவுக்கு அப்படி எந்த முன்கதையும் இல்லை. புதிதாக ஊருக்குள் வந்த ஒன்றைத் தெரிந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

இரண்டும் என்ன என்று நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பி.காம். படித்தவன் நான். பக்கத்து ஊரில் இயற்பியல் வாத்தியார் ஒருவர் இருந்தார், அவர் வீட்டுத் திண்ணைதான் எனக்கு வகுப்பறை.

நியூட்ரான் அணுக்கருவுக்குள் இருக்கும் கனமான துகள். புரோட்டானைவிட ஒரு பிடி எடை கூடுதல், மின்னூட்டம் கிடையாது. நம் உடம்பு எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக நியூட்ரான்தான். கருவுக்குள் இருக்கும்வரை அதனால் தொந்தரவு இல்லை. அங்கிருந்து வெளியே கிளம்பி யுரேனியம் அணுவில் மோதினால் அதைப் பிளக்கும், பிளந்ததிலிருந்து இன்னும் இரண்டு மூன்று நியூட்ரான்கள் கிளம்பும். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் மின்சாரம் வருவது இந்தச் சங்கிலியால். ஹிரோஷிமா எரிந்ததும் இதனால். கட்டுக்கடங்காத நியூட்ரான் உடம்பில் பட்டால் ஆபத்து; அதைத் தடுக்கத்தான் தடித்த கான்கிரீட்டும் தண்ணீரும்.

நியூட்ரினோவின் கதை வேறு. அதற்கும் மின்னூட்டம் கிடையாது, இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை அத்தோடு முடிந்தது. எடையைப் பார்த்தால் நியூட்ரானைவிடக் குறைந்தது நூறு கோடி மடங்கு இலேசு. எதனோடும் ஏறக்குறைய ஒட்டுறவே இல்லாதது. சூரியனிலிருந்து மட்டும் நம் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் வினாடிக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல் பாய்ந்து போகின்றன. ராத்திரியிலும் போகின்றன, அப்போது பூமிக்கு அடியிலிருந்து மேலே வரும். நம் உடம்பிலுள்ள பொட்டாசியத்திலிருந்தே வினாடிக்கு நாலாயிரம் அளவில் இதே குடும்பத்துத் துகள்கள் வெளியே போய்க்கொண்டிருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கு வாழைப்பழம் சாப்பிட்டால் இன்னும் கொஞ்சம் கூடும் என்று வாத்தியார் சிரிப்பார்.

அவர் சொன்ன ஒரு கதையை நான் பிறகு பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். இந்தக் குழப்பத்தைத் தொடங்கிவைத்தவர் நம் ஊர்க்காரர் இல்லை, நோபல் பரிசு வாங்கிய இயற்பியலாளர். அணு சிதையும்போது ஆற்றல் கணக்கு உதைக்கிறதே என்று எல்லோரும் விழித்துக்கொண்டிருந்த நேரத்தில், 1930 டிசம்பரில் வோல்ஃப்காங் பவுலி சூரிச்சிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். கருவியில் சிக்காத, மின்னூட்டம் இல்லாத ஒரு துகள் மீதி ஆற்றலை எடுத்துக்கொண்டு போகிறது என்று வைத்துக்கொள்வோம், கணக்கு சரியாகிவிடும் என்றார். அந்தத் துகளுக்கு அவர் வைத்த பெயர் நியூட்ரான்! 1932இல் ஜேம்ஸ் சாட்விக் கேம்பிரிட்ஜில் கனமான வேறொரு துகளைக் கண்டுபிடிக்க, நியூட்ரான் என்ற பெயர் அதற்குப் போய்விட்டது. பவுலியின் துகளை என்ன சொல்லி அழைப்பது? ரோமில் ஃபெர்மியின் குழுவில் இருந்த எடோர்டோ அமால்டி விளையாட்டாக ‘குட்டி’ என்று பொருள்படும் இத்தாலிய ஒட்டைச் சேர்த்து நியூட்ரினோ என்றார். ஃபெர்மி அதை மாநாடுகளில் பயன்படுத்த, பெயர் நிலைத்தது. துகள் நிஜமாகவே கருவியில் பிடிபட 1956 ஆயிற்று. அதுவும் அமெரிக்காவில் ஓர் அணு உலைக்குப் பக்கத்தில்.

எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு போய் ‘பொட்டிபுரம் மலையில் நியூட்ரினோ ஆய்வகம்’ என்று செய்தி அனுப்பினேன். அச்சில் ‘நியூட்ரான் ஆய்வகம்’ என்று வந்தது. டெஸ்க்கில் இருந்த தம்பியைப் போனில் பிடித்தேன்.

‘அண்ணே, வாசகருக்குப் புரியணும்ல. நியூட்ரான்னா எல்லாருக்கும் தெரியும்.’

‘தெரியும் தம்பி. ஆனா அது வேற பொருள்.’

‘அடுத்த வாட்டி பாத்துக்கலாம்ணே.’

தலைப்பில் இடமில்லை என்று சொல்லவும் வழியில்லை. நி, யூ, ட் வரை இரண்டும் ஒன்று. கடைசி இரண்டு எழுத்துதான் மாறுகிறது. ரான், ரினோ. இரண்டும் ஐந்தெழுத்து. ஆனால் பேப்பரில் ஒருமுறை வந்துவிட்டால் அது ஆவணம். அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, ‘நீங்களே எழுதியிருக்கீங்களே’ என்று என்னிடமே நீட்டியவர்கள் உண்டு.

பொட்டிபுரத்துக்கும் அதன் சுற்றுக் கிராமங்களுக்கும் நான் போகத் தொடங்கியது அதற்குப் பிறகு. புதுக்கோட்டை, ராமகிருஷ்ணாபுரம், குப்பனாசாரிபட்டி. எங்கு போனாலும் ஒரு கேள்வி கட்டாயம் இருந்தது.

‘தம்பி, உள்ள எதையோ வெடிக்கப் போறாகளாமே, நெசந்தானா?’ என்று கேட்டார் மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர்.

‘குடையுறதுக்குப் பாறைக்கு வெடி வைப்பாக அய்யா. அப்புறம் உள்ள வைக்கிறது வெறும் இரும்பும் கண்ணாடியும்தான். எதையும் வெடிக்கிறதில்ல.’

‘பெறகு எதுக்கு மல?’

சரியான கேள்வி. வானத்திலிருந்து வேறு துகள்களும் மழையாகக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. திறந்தவெளியில் கருவியை வைத்தால் அந்த இரைச்சலில் நியூட்ரினோ தென்படாது. எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குப் பாறை இருந்தால் மற்றவை பெரும்பாலும் பாறையிலேயே தங்கிவிடும், நியூட்ரினோ மட்டும் உள்ளே வரும். ஸ்டோரில் ஏலக்காய் சலிப்பதை அவர் பார்த்தவர்தான். பெரிய காய் மேலேயே நின்றுவிடும், சின்னது கீழே விழும், மலைதான் இங்கே சல்லடை என்றேன். உடனே பிடித்துக்கொண்டார். ‘அப்ப வர்றது ஏற்கெனவே வந்துக்கிட்டுத்தான் இருக்கு’ என்றார். அந்த ஒரு வரியைத்தான் விஞ்ஞானிகள் துண்டறிக்கையில் மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள்.

அடுத்து அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ‘சரி, வேலி போட்டுட்டா மாடு எங்கிட்டு மேயும்?’

மாநில அரசு ஆய்வகத்துக்கு ஒதுக்கிய நிலம் 26.825 ஹெக்டேர். பதிவேட்டில் அது புறம்போக்கு. ஆண்டாண்டாக அந்த வழியாகத்தான் மாடுகள் மலைக்குப் போய் வந்தன.

சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்திலிருந்தும் மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கூட்டம் போட்டார்கள். நல்ல மனிதர்கள், பொறுமையாகப் பேசினார்கள், தமிழில் கேள்வி-பதில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஆனால் நான் பார்த்த கூட்டங்களில் பாதி நேரம் நியூட்ரான் வேறு, நியூட்ரினோ வேறு என்பதிலேயே கரைந்துபோகும். யாராவது கதிர்வீச்சு என்று தொடங்குவார், அதற்கு நீளமாகப் பதில் வரும், எதிர்க்கேள்வி வரும். மேய்ச்சல், தண்ணீர், வெடி வைத்தால் கிணறு என்ன ஆகும், குடைந்தெடுக்கும் லட்சக்கணக்கான டன் பாறை எந்தச் சாலையில் எத்தனை வருடம் போகும் என்பதெல்லாம் கடைசியில் வரும். அதற்குள் கார் தயாராகிவிடும்.

கூட்டத்தை முடித்துவிட்டு வரும் வழியில், ‘பாவம், இவர்களுக்கு நியூட்ரானுக்கும் நியூட்ரினோவுக்கும் வித்தியாசமே தெரியவில்லை’ என்று படித்தவர்கள் பேசிக்கொள்வார்கள். நகரத்துக் கட்டுரைகளிலும் அதையே எழுதினார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது இங்கேதான். பெயரைத் தப்பாகச் சொன்னவர் கேட்டதெல்லாம் தப்பு என்று தள்ளிவிட அது வசதியாகப் போயிற்று. எதிர்த்துப் பேசியவர்களும் சளைத்தவர்கள் இல்லை. மேடையில் மைக் பிடித்த சிலருக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். தெரிந்தும் நியூட்ரான் என்ற பயத்தை அப்படியே விட்டுவைத்தார்கள். மேய்ச்சல் நிலத்துக்குச் சேராத கூட்டம் குண்டுக்குச் சேர்ந்தது.

பயத்துக்கு அடிப்படையே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். இந்தத் திட்டத்துக்குப் பணம் கொடுப்பதில் அணுசக்தித் துறையும் உண்டு. கூடங்குளத்தில் 2011, 2012இல் நடந்த அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தை எங்கள் ஊர் டிவியில் பார்த்தது. அதே 2012 நவம்பரில் கூடங்குளத்துக் கழிவைக் கோலார் தங்கச் சுரங்கத்தில் வைக்கலாம் என்று ஒரு பேச்சு உச்ச நீதிமன்றம் வரை வந்து, கோலாரில் மக்கள் தெருவில் இறங்கி, அப்படி எதுவும் இல்லை என்று அமைச்சர் மறுக்க வேண்டியதாயிற்று. பிறகு இங்கே அதே துறை மலையைக் குடைந்து குகை அமைக்கிறேன் என்றால் கழிவு வைக்கத்தானோ என்று ஒருவர் கேட்பதை மடத்தனம் என்பதா? அந்தச் சந்தேகத்துக்கும் நியூட்ரினோவுக்கும் சம்பந்தமில்லை, அதைக் கேட்டவரின் அனுபவத்துக்குச் சம்பந்தம் உண்டு.

கோலார் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலகத்தில் முதன்முதலாகக் காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்கள் பதிவானது அங்கேதான், 1965இல், தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில். டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தாரோடு ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து செய்த வேலை அது. ஏறத்தாழ அதே சமயம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் பார்த்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோலார் ஆய்வு நின்றது, 2001இல் சுரங்கமே மூடப்பட்டது. அந்தச் சுரங்கத்தில் தலைமுறை தலைமுறையாக இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மூன்று தலைமுறை நியூட்ரினோவுக்குப் பக்கத்தில் வேலை பார்த்த அந்தக் குடும்பங்களைப் பொட்டிபுரத்துக்கு அழைத்து வந்து ஒரு கூட்டம் போட யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் துண்டறிக்கையே தேவைப்பட்டிருக்காது.

எதிர்ப்பாளர்களில் படித்தவர்கள் வைத்த வாதம் டீக்கடை வாதத்தைவிடக் கெட்டி. சிகாகோவுக்குப் பக்கத்து ஃபெர்மி ஆய்வகத்திலிருந்து பூமிக்குள் வழியாக நியூட்ரினோக் கற்றையை இங்கே அனுப்புவார்கள், பின்னால் அது ஆயுதமாகும் என்றார்கள். ஆதாரமாக ஒரு ஆய்வுக் கட்டுரையும் காட்டினார்கள். அது உண்மையான கட்டுரைதான். 2003இல் ஜப்பானிய இயற்பியலாளர் சுகவாராவும் கூட்டாளிகளும் எழுதியது. பூமியின் மறுபக்கத்தில் பதுக்கி வைத்த அணுகுண்டை நியூட்ரினோக் கற்றையால் செயலிழக்க வைக்க முடியுமா என்று கணக்குப் போட்டிருந்தார்கள். முடியும், ஆனால் அதற்கு ஆயிரம் கிலோமீட்டர் சுற்றளவுள்ள முடுக்கி வேண்டும். இன்றுவரை அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது. எனக்குச் சுவையாகப் பட்டது வேறு. அந்தக் கணக்கிலும் குண்டை நேரடியாகத் தாக்குவது நியூட்ரினோ இல்லை. அது குண்டுக்குப் பக்கத்து மண்ணில் மோதி, அதனால் தெறிக்கும் துகள்களில் உள்ள நியூட்ரான்தான் குண்டுக்குள் போய் வேலையைச் செய்கிறது. இரண்டு பெயர்களும் ஒரே வாக்கியத்தில் நியாயமாக வரும் இடங்களில் அது ஒன்று. இன்னொன்று, கருவை விட்டுத் தனியே வந்த நியூட்ரானின் சாவு. சராசரியாகக் கால் மணி நேரத்தில் அது சிதைந்து புரோட்டானும் எலக்ட்ரானும் எதிர்நியூட்ரினோவுமாகப் பிரிந்துவிடும்.

கோர்ட் கதைக்கு வருகிறேன். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாயில் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்த வருடம் மார்ச்சிலேயே, ம.தி.மு.க.வின் வைகோ போட்ட மனுவில், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. 2017 மார்ச்சில், சுற்றுச்சூழல் அமைப்பான பூவுலகின் நண்பர்கள் தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழல் அனுமதியைப் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்திவைத்தது. காரணம், கேரளத்து மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள், அதாவது 4.9 கிலோமீட்டரில் இருந்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு மறுபடியும் அனுமதி கொடுத்தது. எந்தப் பிரிவில் தெரியுமா? கட்டடம், கட்டுமானம் என்ற பிரிவில், சிறப்பு நேர்வாக. மாடு மேய்ப்பவர் ஐந்தெழுத்தில் இரண்டை மாற்றிச் சொன்னால் அறியாமை. மலையைக் குடைவதை அபார்ட்மென்ட் கட்டும் பட்டியலில் சேர்த்தால் அது நிர்வாகம்.

அந்த மார்ச்சை மறக்க முடியாது. குரங்கணித் தீயில் மலையேற வந்த பிள்ளைகள் வெந்து இறந்த செய்தியை எழுதி முடிக்கவில்லை, அதற்குள் நியூட்ரினோவை எதிர்த்து மதுரையிலிருந்து கம்பத்துக்கு வைகோவின் நடைப்பயணம் கிளம்பியது. கிளம்பிய இடத்திலேயே ஒரு தொண்டர் தீக்குளித்தார். எந்தத் துகளுக்கும் அந்த உயிர் போயிருக்கக் கூடாது.

2018 நவம்பரில் தீர்ப்பாயம் அனுமதி செல்லும் என்றது, ஆனால் தேசிய வன உயிரின வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலை கூடாது என்றது. 2022 பிப்ரவரியில், மதிகெட்டானையும் பெரியாறையும் இணைக்கும் புலிகளின் வழித்தடம் பாதிக்கப்படும், ஆகவே திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

இந்த உத்தரவுகளையெல்லாம் என்னால் முடிந்தவரை தேடிப் படித்தேன். திட்டத்தை நிறுத்திவைத்த காரணம் எதிலும் கதிர்வீச்சு இல்லை. தூரம், காடு, புலி, வாரியம், படிவம். தெருவில் நடந்த சண்டை நியூட்ரானைப் பற்றி, கோர்ட்டில் நடந்தது மலையைப் பற்றி. பத்து வருடமாகத் தெருச் சண்டையை முதல் பக்கத்திலும் கோர்ட் சண்டையை உள்பக்கத்திலும் போட்டோம்.

என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். ஆய்வகம் வந்திருந்தாலும் பொட்டிபுரத்துக்காரர் யாருக்கும் நியூட்ரினோவால் ஒரு தலைவலிகூட வந்திருக்காது. மலையைக் கொடுக்க மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருந்தது, அதற்குப் போதுமான காரணமும் கையில் இருந்தது. ஐம்பதாயிரம் டன்னுக்குப் பதிலாக 85 டன்னில் ஒரு மாதிரிக் கருவி மதுரையில் இருக்கிறது. நியூட்ரினோக்களின் எடை வரிசையைக் கண்டுபிடிப்பது என்ற, பொட்டிபுரம் திட்டத்துக்கும் இருந்த அதே நோக்கத்துக்காகச் சீனா குவாங்தோங் மாகாணத்தில் நிலத்துக்கடியில் அமைத்த ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவு எடுக்கத் தொடங்கிவிட்டது. நம் ஊர்ப் பிள்ளைகள் இயற்பியல் படித்துவிட்டு அங்கே வேலைக்குப் போகலாம்.

அந்த மலைக்கு நாளை வேறொரு திட்டம் வரும். அதை எழுதப்போகும் இளைய செய்தியாளருக்கு ஒரு வேண்டுகோள். பெயரை முதல் நாளே வாத்தியாரிடம் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள், டெஸ்க்கிலும் சொல்லிவையுங்கள். அதை ஒரே பத்தியில் முடித்துவிட்டு, மீதி இடத்தில் வேலி எங்கே வருகிறது, மாடு எந்த வழியாகப் போகும் என்று கேட்டு எழுதுங்கள்.